படி விளிம்பும் கொடுங்கையும்

ஒரு கட்டடத்தைக் காணச் செல்கிறவர்களுடைய கண், அதன் உயரத்தையும் விஸ்தீரணத்தையும், தூண்களின் வரிசையையும், கூரையின் கம்பீரத்தையும் கண்டு வியந்து திரும்பிவிடுகிறதேயன்றி, அந்தக் கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பும் எங்கே முடிகிறதோ அங்கே இரண்டு விரற்கடையோ நான்கு விரற்கடையோ வெளியே நீண்டு நிற்கும் விளிம்பின்மீது நிலைப்பது அபூர்வமாகவே இருக்கிறது. படியேறுகிறவருடைய பாதத்துக்கு இடம் கிடைப்பதும், மழைநீர் சுவரோடு வழிந்து அதைக் கெடுக்காமல் விலகி விழுவதும், வெயில் படும்போது வெறும் கல்மதில் ஓர் உருவமும் லட்சணமும் உடையதாய்த் தோன்றுவதும் இந்தச் சிறு நீட்சியின் உபகாரமே. இந்த உண்மையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு நாஞ்சில் நாடும் அதை அடுத்த ஊர்களும் சேர்ந்த குமரி மாவட்டத்தைவிடத் தகுந்த இடம் தென்னாட்டில் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம். கிழக்கே பாண்டி நாட்டிலிருந்து வந்த கல்தச்சர்களின் கலையும், மேற்கே மலைநாட்டிலிருந்து வந்த மர ஆசாரிமாரின் கலையும் சந்தித்துக் கைகோத்த பூமி இது; சுசீந்திரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். கல் தன் விளிம்பை எங்கே நீட்டுகிறது, எங்கே நீட்ட மறுக்கிறது, மரம் அதே வேலையை எப்படிச் செய்கிறது என்று இவ்விரண்டு இடங்களையும் ஒரே நாளில் சுற்றி வந்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் படியை எடுத்துக்கொள்வோம். மரப்படி ஒன்றில், பாதத்தைத் தாங்குகிற மிதிபலகை ஒன்றும், அதற்குக் கீழே செங்குத்தாக நின்று அடைக்கும் பலகை ஒன்றும் உண்டு. மிதிபலகையின் முன்விளிம்பு, நிற்கும் பலகையோடு சமமாக நின்றுவிடாமல், சற்றே முன்னால் நீண்டு உருண்டு முடியும். இந்த நீட்சியைத்தான் இன்றைய கொத்தனார்களும் கிரானைட் கடைக்காரர்களும் ‘நோசிங்’ என்கிறார்கள். இதனால் ஆகும் பிரயோஜனம் என்ன என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். மூன்று மீட்டர் உயரமுள்ள மாடிக்கு 16 ஏற்றங்களாகப் படி அமைத்தால், நடுவே 15 மிதிகள் வரும். மிதி ஒவ்வொன்றும் 250 மில்லிமீட்டர் ஆழமானால் படிக்கட்டு முழுவதும் தரையில் மூன்றே முக்கால் மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த ஆழம் போதவில்லை, மிதிக்கு மிதி இன்னும் 25 மில்லிமீட்டர் வேண்டும் என்று படியையே நீட்டினால், கட்டடத்துக்குள் மேலும் ஒன்றேகால் அடி இடத்தை இழக்க வேண்டும். அதே 25 மில்லிமீட்டரை ஒவ்வொரு மிதியின் விளிம்பிலும் முன்னே நீட்டிவிட்டாலோ, பாதத்துக்கு வேண்டிய இடம் கிடைத்துவிடுகிறது. படிக்கட்டின் நீளம் ஓர் அங்குலமும் கூடுவதில்லை. மேற்படியின் விளிம்பு கீழ்ப்படிக்கு மேலே கூரைபோல் நீண்டு நிற்க, அதன் அடியில் ஏறுகிறவருடைய கால்விரல்களும் இறங்குகிறவருடைய குதிகாலும் புகுந்துகொள்கின்றன.

இறங்குகிறவருடைய நிலைமையைத் தனியே கவனிக்க வேண்டும். ஏறுகிறவர் தடுக்கினால் முன்னே படி தாங்குகிறது, கையையாவது ஊன்றிக்கொள்ளலாம். இறங்குகிறவர் தவறினாலோ, அவருக்கு முன்னால் வெறும் வெளிதான் இருக்கிறது. அவர் தம் முன்பாதத்தைப் படியின் விளிம்பின்மேல் வைத்துத்தான் உடலின் பாரத்தை அடுத்த படிக்கு மாற்றுகிறார். எனவே அந்த விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிவதும், காலுக்கு அது வழுக்காமல் இருப்பதும் உயிரைக் காக்கிற காரியங்கள்.

மனிதருடைய நடைக்கும் படியின் அளவுக்கும் உள்ள சம்பந்தத்தை முதன்முதலில் ஒரு சூத்திரமாக எழுதிவைத்தவர் பிரான்சு தேசத்துக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல். 1675-இல் வெளிவரத் தொடங்கிய தமது கட்டடக் கலை நூலில், ஏற்றத்தின் உயரத்தை இரட்டித்து மிதியின் ஆழத்தைக் கூட்டினால் 24 பிரெஞ்சு அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர், வர வேண்டும் என்று அவர் விதித்தார். நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீடுகளின் உட்படிகளுக்கு ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, மிதி 250-க்குக் குறையலாகாது என்கிறது. இரட்டித்துக் கூட்டிப் பார்த்தால் 630 வருகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும், வேறொரு கண்டத்திலும், மனிதருடைய நடை பெரிதும் மாறிவிடவில்லை. அந்த 250 மில்லிமீட்டரை விளிம்பின் நீட்சியைச் சேர்க்காமலே அளக்க வேண்டும் என்றும் அதே விதித்தொகுப்பு சொல்கிறது. நீட்சி என்பது போதிய அளவுக்கு மேலே கொடுக்கப்படும் உபகாரமாக இருக்க வேண்டுமே ஒழிய, குறையை மறைக்கும் உபாயமாக இருக்கக் கூடாது என்பது இதன் தாத்பரியம்.

எவ்வளவு நீட்டுவது என்பதற்கும் எல்லை உண்டு. மிதிபலகையின் கனத்துக்கு மேல் அதன் விளிம்பை நீட்டக் கூடாது என்பது தச்சுத் தொழிலின் பழைய நியதி. பலகையின் ரேகை படியின் அகலத்துக்கு இணையாக ஓடுவதால், விளிம்பு மிகுதியாக நீண்டுவிட்டால் ஒருநாள் பாரம் தாங்காமல் ரேகையோடு பிளந்து வந்துவிடும். விளிம்பை உருட்டிவிடுவதற்கும் காரணம் உண்டு: கூர்மையான முனை மரமாயினும் கல்லாயினும் முதலில் உதிர்வது, உதிர்ந்த இடம் மேலும் உதிரும். ஆனால் நீட்சியின் அடிப்புறம் தட்டையாக இருந்தால், காலை உயரத் தூக்க இயலாத முதியவர்களுக்கும், செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்கும் அது கால்விரலைக் கொக்கிபோட்டு இழுக்கும் பொறியாகிவிடுகிறது. அமெரிக்காவின் அணுகல்தன்மை விதிகள் நீட்சியை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகவிடாமல், அடிப்புறத்தையும் சரிவாகச் சீவச் சொல்வது இதனால்தான்.

இனி மரத்தின் ராஜதானிக்குப் போவோம். தக்கலைக்கு அருகே கல்குளம் என்று வழங்கிய ஊரில், 1601-ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்து, 18-ஆம் நூற்றாண்டின் மத்தியில் மார்த்தாண்ட வர்மாவினால் பெரிதும் புதுப்பிக்கப்பட்டுப் பத்மநாபபுரம் என்று பெயர் பெற்ற அரண்மனை, 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரையில் திருவிதாங்கூரின் அரசிருக்கையாக விளங்கியது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த பின்னும், அரண்மனையைக் கேரளத் தொல்பொருள் துறையே இன்றுவரை பராமரித்து வருகிறது. முகப்பு மண்டபமாகிய பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கிய மலர்களைப் பற்றியும், கண்ணாடிபோல் மின்னும் கரிய தரையைப் பற்றியும் எழுதாத யாத்திரிகர் இல்லை. நான் சொல்ல விரும்புவது அங்குள்ள படிகளைப் பற்றி. பூமுகத்திலிருந்து ஆலோசனை மண்டபமாகிய மந்திரசாலைக்கு ஏறும் படியானாலும், நான்கு நிலைகளாக உயர்ந்து நிற்கும் உப்பரிகை மாளிகையின் படியானாலும், அவை குறுகியவை, செங்குத்தானவை. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். அரசன் வாழும் இடத்தில் கூட்டமாய் ஏறி வருவதற்கு வழி வைக்காமல் இருப்பது ஒரு பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றுகிறது. மரச்சட்டத்தால் ஆன கட்டுக்குள் விசாலமான படிக்கு இடம் ஒதுக்குவது எளிதல்ல என்பதும் ஒரு காரணமாகலாம்.

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் தட்டும் நிரையும், அதாவது மரத்தாலான மேல்தட்டும் பலகைச் சுவரும், வைத்துக் கட்டியவற்றிலும், மச்சுக்கு ஏறும் படி இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். படி எவ்வளவுக்குச் செங்குத்தாகிறதோ அவ்வளவுக்கு ஒரு மிதியிலிருந்து அடுத்த மிதிக்கு முன்னேறும் தூரம் குறைகிறது. அவ்வளவுக்கு, மேற்பலகை கீழ்ப்பலகைக்கு மேலே வந்து மூடவேண்டிய அவசியம் கூடுகிறது. இத்தகைய படிகளில் நிற்கும் பலகையையே வைக்காமல், இரு பக்கச் சட்டங்களிலும் மிதிபலகைகளை மட்டும் கோத்து, நடுவெளியைத் திறந்துவிடுவதும் உண்டு. அப்போது பலகை முழுவதுமே ஒரு விளிம்பு என்று சொல்லலாம். முன்னும் பின்னும் தடையில்லாமல் பாதம் புகுந்து வெளிவருகிறது. தேக்கிலும் பலாவிலும் அயினியிலும் இந்த வேலையைச் செய்த ஆசாரிமார் எந்த விதித்தொகுப்பையும் படித்தவர்கள் அல்லர். வீட்டாரின் பாதமும் குனிந்து ஏறும் முதுகும் அவர்களுக்கு அளவுகோலாக இருந்தன.

இப்போது சுசீந்திரத்துக்குத் திரும்பினால், விஷயம் தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். அவ்வூர்த் தாணுமாலயன் கோயிலானாலும், தென்னாட்டின் வேறு எந்தக் கற்கோயிலானாலும், படிக்கற்கள் பெரும்பாலும் விளிம்பு நீளாத முழுக்கற்கள். மேற்கல் கீழ்க்கல்லின்மேல் பின்வாங்கி அமர்கிறதே தவிர, முன்னே எட்டிப் பார்ப்பதில்லை. இது கல்தச்சருக்குத் தெரியாத நயம் என்று எண்ணுவது பெரும் பிழை. கருங்கல் நசுக்குதலைத் தாங்குவதில் அசகாய சூரன். வளைத்தலைத் தாங்குவதில் மிகவும் பலவீனம். நீண்டு நிற்கும் கல்விளிம்பின்மேல் நாள்தோறும் ஆயிரம் பேர் காலை ஊன்றினால், என்றாவது ஒருநாள் அது தெறித்தே தீரும். திருவிழாக் கூட்டத்தில், தேர் இழுக்கும்போது, பாரமான வாகனங்களைத் தோளில் சுமந்து ஏறும்போது, படியின் விளிம்பு தெறிப்பதென்பது விபரீதத்தில் முடியும். ஆகவே கல்லை நீட்டாமல், அதற்குப் பதிலாக மிதியை ஆழமாக்கி, ஏற்றத்தைத் தாழ்த்தி, படியின் இரு பக்கங்களிலும் சுருள்யாளியையோ யானைத் துதிக்கையையோ கைப்பிடிச் சுவராக நிறுத்தி, கலைத்திறம் முழுவதையும் அங்கே கொட்டினார்கள். கருவறை முன்னுள்ள படிக்கு மலைநாட்டு மரபில் சோபானம் என்று பெயர். அதன் அருகே நின்று பாடும் பாட்டுக்கே சோபான சங்கீதம் என்று பெயர் வரும் அளவுக்கு அந்தப் படிகள் மதிக்கப்பட்டன.

படிகள் ஒற்றைப்படையில் அமைய வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ரோமாபுரியில் கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞரும், கோயில்களின் முன்படிகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அப்போதுதான் முதற்படியில் வைத்த வலது காலே மேல்தளத்திலும் முதலில் படும் என்று எழுதிவைத்திருக்கிறார். இரண்டு தேசங்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதின என்பதற்கில்லை. வலக்காலை முன்வைத்துப் புகும் பக்தி இருவருக்கும் பொதுவாயிருந்தது, அவ்வளவுதான்.

கால்படும் இடத்தில் நீட்ட மறுத்த கல், கால்படாத இடத்தில் எவ்வளவு தாராளமாக நீள்கிறது என்பதைக் காண, படியைவிட்டு விலகி, சந்நிதிச் சுவரின் அடிப்பகுதிக்கு முன்னே வந்து நிற்க வேண்டும். சிற்ப சாஸ்திரம் இதை அதிஷ்டானம் என்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே, தரையோடு தரையாக அதிகமாக வெளியே நீண்டு கிடப்பது உபானம். அதன்மேல் அகன்ற பட்டையாக எழுவது ஜகதி. அதற்குமேல், வட்டமாகவோ எட்டுப் பட்டை தீர்த்தோ புடைத்து நிற்பது குமுதம். பிறகு திடீரென்று உள்வாங்கி, நிழலிலே ஒளிந்துகொள்வது கண்டம். அதற்கு மேலும் கீழும் மெல்லிய கம்புகள். அதன்மேல் மறுபடியும் வெளியே வந்து, சுவரின் கனத்தையெல்லாம் ஏந்துவதுபோல் நிற்பது பட்டிகை. இந்த வரிசையில் அமைந்தால் பாதபந்தம். பட்டிகையின் இடத்தில் யாளி வரிசை வந்தால் பிரதிபந்தம். தாமரை இதழ்களும், வளைந்த விளிம்பாகிய கபோதமும் சேரச் சேர வகைகள் பெருகுகின்றன. மானசாரம் என்னும் நூல் 64 வகை அதிஷ்டானங்களை அளவோடு விவரிக்கிறது. கிரேக்கரும் ரோமானியரும் தங்கள் தூணின் அடியில் புடைத்த உருளை ஒன்றையும் குழிந்த பள்ளம் ஒன்றையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். புடைப்பும் குழிவும் மாறி வந்தால்தான் பாரம் தரைக்கு இறங்குவது கண்ணுக்குப் புலனாகும் என்பதை இரு நாட்டுச் சிற்பிகளும் தனித்தனியே உணர்ந்திருக்கிறார்கள்.

இந்த வடிவங்கள் காலத்தைச் சொல்லும் சாட்சிகளும் ஆகும். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில், கல்வெட்டே இல்லாத ஒரு கோயிலையும் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையின் வளைவையும், கபோதத்தின்மேல் கூடு என்று வழங்கும் வளைவு அலங்காரத்தையும் கொண்டே இன்ன காலத்தது என்று நிர்ணயிக்கலாம் என்று காட்டினார். பல்லவர் காலத்துப் போதிகை அலையலையாக உருண்டு முடியும். சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டப்பட்டு நடுவே ஒரு நீட்சியைப் பெறும். விஜயநகர காலத்துக்கு வருகையில் அந்த நீட்சியே தலைகீழாய்த் தொங்கும் தாமரை மொட்டாக மலர்ந்துவிடும். ஒரு விளிம்பு நான்கு விரற்கடை வளர்வதற்கு எண்ணூறு ஆண்டுகள் பிடித்தன என்று எண்ணும்போது, பொறுமையின் பரிமாணம் நமக்குப் புரிகிறது. சுசீந்திரம் கோயிலின் சரித்திரத்தை விரிவாக ஆராய்ந்து 1953-இல் நூல் வெளியிட்ட கே. கே. பிள்ளை அவர்களைப் போன்ற அறிஞர்களுக்குச் சாசனங்கள் எவ்வளவு ஆதாரமோ, சிற்ப ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த விளிம்புகள் அவ்வளவு ஆதாரம்.

சுவரின் உச்சியில், கூரையின் முடிவில் வருவது கபோதம். தமிழில் கொடுங்கை என்ற அழகிய பெயர் அதற்கு வழங்குகிறது. வெளியே நீண்டு, கீழ்நோக்கி வளைந்து, முனையில் மெலிந்து முடிவது அது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்கிற மாவட்டத்தில் கொடுங்கை அலங்காரமென்று எவரும் நினைக்க மாட்டார்கள். மழைநீருக்கு ஒரு சுபாவம் உண்டு: தட்டையான அடிப்பரப்பு கிடைத்தால், பூமியை நோக்கி விழாமல், கல்லோடு ஒட்டிக்கொண்டு உள்ளே சுவர்வரை வந்துவிடும். முனையைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டாலோ, அடிப்புறத்தில் ஒரு கோடு வெட்டிவிட்டாலோ, நீர் அந்த இடத்தில் ஒட்டும் பிடியை இழந்து துளித்துளியாக விலகி விழுகிறது. இன்றைக்கு வீட்டு ஜன்னலுக்கு மேலே கான்கிரீட்டில் சன்ஷேடு போடுகிறவர்களில் பலர் அந்த ஒரு கோட்டை வெட்டாமல் விட்டுவிடுவதால், இரண்டாவது மழைக்காலத்திலேயே சுவரில் கறுப்புத் தாரைகள் இறங்கிவிடுகின்றன. கொடுங்கையைச் செதுக்கியவர் ஒருபோதும் செய்யாத தவறு இது.

வளைத்தலுக்கு அஞ்சும் கல்லை இவ்வளவு தூரம் எப்படி நீட்டினார்கள் என்று கேட்கலாம். மேசையின் விளிம்பில் வைத்த புத்தகத்தைப் பாதிக்கு மேல் வெளியே தள்ளினால் விழுந்துவிடும். மேசையிலுள்ள பக்கத்தின்மீது கையை வைத்து அழுத்தினால் நிற்கும். கொடுங்கைக் கல்லின் பின்பாதியைச் சுவருக்குள் புதைத்து, அதன் தலைமேல் மேற்கட்டின் பாரத்தை ஏற்றி அழுத்திவிட்டார்கள். முன்னே நீளும் பகுதியை முனை நோக்கி மெலிதாக்கிக்கொண்டே போனார்கள். அதன்மேல் எவரும் நடப்பதில்லை. படும் சுமை மழைத்துளியின் கனம்தான். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் இந்தக் கலை உச்சத்தைத் தொட்டது. அங்குள்ள கொடுங்கையின் அடிப்புறத்தில், மரக்கூரையின் கைகளும், குறுக்குச் சட்டங்களும், அவற்றை இணைத்த ஆணிகளும் அப்படியே கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்தச்சர் கல்லில் வேலை செய்துகொண்டே மரத்தை மறக்கவில்லை.

குமரி மாவட்டத்திலோ அந்த நினைவைச் சிற்பத்தில் தேட வேண்டியதில்லை. மரமே பக்கத்தில் நிற்கிறது. 2022 ஜூலை 6-இல், 418 ஆண்டுகளுக்குப் பிறகு குடமுழுக்குக் கண்ட திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், விளக்கேந்திய பாவைகள் நிற்கும் நீண்ட கல் பிராகாரமும், கருவறைக்கு மேலே மலைநாட்டு முறையில் சரிந்து தாழ்ந்த செப்புக் கூரையும் ஒரே முற்றத்தில் காட்சி தருகின்றன. கல்லின் கொடுங்கை எதைப் பார்த்துப் பிறந்ததோ அந்த மரச்சரிவையும், அதன் கற்பிரதியையும் அடுத்தடுத்துக் காணும் பாக்கியம் மற்ற ஊர்களில் எளிதில் வாய்ப்பதில்லை.

இந்த விளிம்புகள் செய்யும் மூன்றாவது காரியம் நிழல் விழச் செய்வது. கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டே பாகையில் இருக்கிறது. சூரியன் மிகவும் தாழ்ந்து செல்லும் டிசம்பர் மாதத்து நடுப்பகலில்கூட இங்கே அது அடிவானத்துக்கு மேல் 58 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கு நோக்கிய சுவரில் ஒரு சாண் நீண்ட விளிம்பு, அந்த வேளையில் ஒன்றரைச் சாணுக்கு மேல் நிழலைக் கீழே வீழ்த்தும். அதே நாளில் லண்டன் நகரத்தில் சூரியன் 15 பாகைக்கு மேல் எழுவதில்லை. அங்கே அதே விளிம்பின் நிழல் ஏறத்தாழக் கால் சாண்தான். நம் சிற்பிகள் கிடைக்கோடுகளை அடுக்கடுக்காக, ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று கணக்காக நீட்டியதற்கு இந்த உச்சிவெயிலே ஆதாரம் என்று நான் நம்புகிறேன். காலை பத்து மணிக்குச் சுசீந்திரத்தின் கிழக்கு வெளிப்புறத்தில் நின்று, 134 அடி உயர்ந்த ராஜகோபுரத்தின் கல்லடித்தளத்தைப் பாருங்கள். குமுதத்தின் மேற்பாதி ஒளிர, கீழ்ப்பாதி மெல்ல மெல்ல இருள, கண்டம் கரிய கோடாக ஓட, எந்தச் சாயமும் பூசாமலே கல் பல வர்ணங்களைக் காட்டும்.

இவ்வளவு அருமையான விளிம்புகளுக்கு இன்று நேர்ந்திருக்கும் கதி கவலைக்குரியது. பல ஊர்களில் திருப்பணி என்ற பெயரால் பிராகாரத் தரையை உயர்த்திப் புதுக்கல்லோ டைல்ஸோ பதிக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பணிக்கும் தரை அரையடி ஏற, உபானம் மறைந்து, ஜகதியும் பாதி புதைந்துபோகிறது. ஜகதியிலும் குமுதத்திலும் பட்டிகையிலும்தான் நம் முன்னோர் சாசனங்களை வெட்டினார்கள். புதைந்த ஜகதியோடு சாசனத்தின் கீழ்வரிகளும் மண்ணுக்குள் போய்விடுகின்றன. கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணி மணலை வேகமாக வீசியடிக்கும் முறையோ, கம்புகளின் கூர்மையையும் இதழ்களின் நுனியையும் தேய்த்துவிடுகிறது. சுவரின் நடுப்பகுதியில் ஒரு நூல் தேய்ந்தால் தெரிவதில்லை. விளிம்பில் ஒரு நூல் தேய்ந்தால் நிழலின் கோடே குலைந்துவிடும். திருப்பணிக் குழுவில் இடம்பெறுகிற அன்பர்கள், தரையை உயர்த்தும் முன் பழைய தரைமட்டத்தைத் தேடிக் கண்டு, அதுவரைக்கும் மண்ணை அகற்றி, நீர் ஓட வழி செய்தால் போதும். செலவும் குறையும், கோயிலும் தன் முழு உயரத்தைத் திரும்பப் பெறும்.

வீட்டுப் படிகளிலும் இதே அலட்சியம் பரவி வருகிறது. வழவழப்பான டைல்ஸை மிதியிலும் ஏற்றத்திலும் ஒட்டி, இரண்டும் சந்திக்கும் முனையைச் சாய்த்து வெட்டிச் சேர்க்கிறார்கள். மெல்லிய அந்தக் கூர்முனை சில காலத்தில் பெயர்ந்து, காலைக் கீறும் பல்லாக நின்றுவிடுகிறது. மழை நாளில் ஈரக்காலோடு இறங்குகிறவர்களுக்கு விளிம்பு எங்கே என்றும் தெரிவதில்லை. புதுவீடு கட்டுகிறவர்கள் மேசிரியிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கோயிற்படிபோல் பெருங்கூட்டம் ஏறாத வீட்டுப்படியில், மிதிக்குக் கனமான கல்லாக, ஒரே துண்டாக இட்டு, விளிம்பை முக்கால் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் வரை நீட்டி உருட்டிவிட வேண்டும். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் வழுக்காத கோடுகளை வெட்டி, அந்தப் பட்டையைப் படியின் நிறத்துக்கு மாறான நிறத்தில் வைக்க வேண்டும். கண் மங்கியவருக்கு அந்த நிறவேறுபாடே வழிகாட்டி. முதற்படியிலிருந்து கடைசிப் படிவரை ஏற்றத்தின் உயரம் மாறாமல் இருக்க வேண்டும். தரை பூசிய பிறகு கடைசிப் படி மட்டும் குட்டையாகிப்போவது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடப்பதால், தரையின் கனத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துத்தான் படிக்குப் பலகை அடிக்கச் சொல்ல வேண்டும்.